வானம் பார்த்த கரிசலில் பயிர் மாற்றம்

மும்பையிலிருந்து சென்னைக்கு ரயிலில் செல்லும் நம்மவர், சோலாப்பூரை ஒட்டி இருபுறமும் விரிந்து கிடக்கும் கரிய நிலத்தைக் கண்டிருப்பர். ஆடி, ஆவணியில் மழை பெய்துகொண்டிருக்கும்போதே அங்குப் பல வயல்கள் பயிரின்றிக் கிடக்கும். அது சோம்பலன்று. நனைந்த கரிசலில் கலப்பை ஓடாது. ஆனால் ஆழ்ந்த கரிசல் மண் சுமார் 200 மில்லிமீட்டர் மழை நீரைத் தன்னுள் பிடித்து வைக்க வல்லது. புரட்டாசியில் விதைத்த சோளம் அச்சேமிப்பைக் கொண்டே மாசி வரை வளர்ந்து முற்றுகிறது.

ஆண்டுதோறும் சோளத்தையே விதைத்தால் என்ன? அதன் வேரும் அடித்தாளும் மட்கும்போது, மண்ணிலுள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்கள் ஈர்த்துக்கொள்கின்றன. அடுத்த பயிர் வெளிறிப்போகிறது. சோள வேரில் ஒட்டிப் பிழைக்கும் சுடுமல்லிக் களையும் பெருகுகிறது. இடையே கொண்டைக்கடலை வந்தால் இவ்விரு தொல்லைகளும் தணியும். ஆயினும் கடலையையே தொடர்ந்து விதைக்கவும் இயலாது. வாடல் நோய்ப் பூசணம் பயிரில்லாமலே பல ஆண்டுகள் மண்ணில் தங்கிவிடும்.

சர்க்கார்க் காகிதங்களில் இதனைப் ‘பயிர்ச் சுழற்சி’ என்று மொழிபெயர்த்து வருகிறோம். சக்கரம் போல் தவறாது சுழல்வது என்ற எண்ணத்தை இச்சொல் தருகிறது. மானாவாரியில் அத்தகைய ஒழுங்கு ஏது? ஆனியில் நல்ல மழை கிடைத்தால் அறுபது எழுபது நாட்களில் பாசிப்பயறு எடுத்து, பின்னர்ச் சோளமும் விதைக்கலாம். மழை பிந்தினாலோ, சோளத்திற்குரிய நீரைப் பயறே குடித்துவிடும். குசும்பாவின் வேர் மிக ஆழத்து ஈரத்தையும் உறிஞ்சுவதால், மறு ஆண்டு மழை பொய்த்தால் அடுத்த பயிர் தவிக்கும்.

இன்னொன்று: ஏட்டுக் கணக்கில் இடம் பெறாதது, மாடு. கடலை பணம் தரும், சோளத்தட்டை தராது. நிலம் முழுவதும் கடலை விதைத்தவர் கோடையில் தட்டையை விலைக்கு வாங்கவேண்டும். இல்லையேல் மாட்டை விற்கவேண்டும். ஆதலால் நிலத்தை இரு கூறாக்கி, ஒன்றில் சோளமும் மற்றொன்றில் கடலையும் விதைத்து, மறு ஆண்டு மாற்றிக்கொள்வதே சிறு குடியானவருக்கு உகந்தது என்பேன்.

அதையும் விதைக்கும் வேளையில் மண்ணைத் தோண்டிப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். இரண்டு மூன்று அடி ஆழம் ஈரமிருந்தால் சோளம் விதைக்கலாம். ஐப்பசி பிறந்த பின்னரே மழை வாய்த்ததெனில், சோளத்தின் முறையாயினும் கடலையே விதைப்பது மேல்.