தராசின் நடுக்கோல்



திருக்குறளின் 12ஆம் அதிகாரம் நடுவுநிலைமை. அதில் சான்றோர்க்கு உவமையாகத் துலாக்கோலைக் காட்டுகிறார் வள்ளுவர். முதலில் தான் சமனாக நிற்பதும், அதன்பின் தன்மீது வைத்த பொருளின் எடையை உள்ளபடி காட்டுவதும் துலாக்கோலின் இயல்பு. சமூக நீதி என்று இன்று நாம் பேசும் பெரிய சொல்லின் கருவை இச்சிறிய உவமையில் காணலாம்.

ஊவாவின் தேயிலை மலைகளில் வாழ்வோருக்குத் தராசு ஏட்டில் மட்டும் கண்ட பொருளன்று. கொழுந்து நிறுக்கும் வேளையில் ஒரு பெண்ணின் அன்றைய உழைப்பு முழுவதும் அதில் ஏறுகிறது. ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழித்தது போக, குறித்த கிலோ தேறாவிட்டால் அவள் கணக்கில் அரைப்பேர்தான் விழும். அவள் வீட்டு அடுப்பைத் தீர்மானிப்பது அந்த முள். தலைமுறை தலைமுறையாகக் கூடை சுமந்த பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் கிடைத்தது 1984இல்தான். அதுவும் வேலைநிறுத்தம் செய்த பின்னர்.

அரசின் தராசும் நெடுங்காலம் சாய்ந்தே நின்றது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டது. யார் எங்கே வாழ விரும்பினர் என்பது அந்தக் கணக்கின் தொடக்கமாக இருக்கவில்லை. 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால்தான் நாடற்ற நிலை நீங்கியது.

குடியுரிமை கிடைத்தும் காணி கிடைக்காததன் விலை என்ன? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த நிலம் ஆபத்தானது என்று அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எழுந்து போக ஏழைக்குச் சொந்தமாக ஓர் அடி மண் வேண்டாமா? "போ" என்று சொல்வது எளிது. போவதற்கு ஓர் இடம் தருவதுதான் நீதி.

இவையெல்லாம் நம் தட்டில் உள்ள பாரம். துலாக்கோலுக்கு மற்றொரு தட்டும் உண்டு. 1817-18ஆம் ஆண்டுகளில் ஊவா வெல்லஸ்ஸையில் மூண்ட கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர், சிங்களக் குடியானவரின் ஊர்களையும் வயல்களையும் எரித்தனர். 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத நிலங்களை அரசுடைமையாக்கியது. மலைநாட்டின் நிலங்கள் பெருந்தோட்டங்களாக மாறிய வரலாற்றின் தொடக்கம் அங்கேயுண்டு. ஒரு சட்டத்தால் கிராமத்தவன் மண்ணை இழந்தான். மற்றொரு சட்டத்தால் தோட்டத்தவன் நாட்டை இழந்தான். இரண்டும் அவ்விருவரும் இயற்றிய சட்டங்களல்ல. ஆயினும், தன் இழப்பை மட்டும் நிறுத்துப் பார்த்த ஒவ்வொருவனும் மற்றவனையே கள்வன் என்று எண்ணினான். அமைதி குலைவது இந்த இடத்தில்தான்.

அடுத்தவர் இழப்பையும் தட்டில் வைத்துப் பார்க்கும் மனத்தை இலக்கியம் தரும். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத் தொழிலாளரின் துயரை ஆங்கிலத்தில் பாடியதால் அது மலைகளைத் தாண்டிக் கேட்டது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ நாவலை எம். எம். உவைஸ் தமிழில் தந்ததால், ஒரு சிங்களக் கிராமத்தின் சரிவு நம் வீட்டுக்குள் வந்தது. இவ்வகை நூல்கள் இரு மொழியிலும் பெருக வேண்டும். நம் பாடசாலைகளில் வாசிக்கப்படவும் வேண்டும்.

அநீதியைக் கண்டும் வாய்மூடி இருப்பதைச் சிலர் சமாதானம் என்கின்றனர். பாரம் ஏற்றாத தராசும் அசையாமல்தான் நிற்கும். அதனால் எவருக்கும் பயனில்லை. இரு தரப்புப் பாரத்தையும் ஏற்று, அதன்பின்னும் நேராக நிற்பதே நடுவுநிலைமை. கொழுந்து மடுவத்தின் முள்ளிலிருந்து பாராளுமன்றத்தின் சட்டம் வரை அந்த நேர்மை வருமாயின், சமாதானத்தைத் தனியே தேடிப் போக வேண்டியதில்லை.