தீவுகளைத் தேர்ந்து காணல்



கிரேக்க நாட்டுக்குரிய தீவுகளும் திட்டுகளும் ஏறத்தாழ 6,000. அவற்றுள் மக்கள் வாழ்வன 227 என்பர். அவற்றைக் காணப் புறப்படுவோர் முதலில் பழக வேண்டியது சேர்ப்பதன்று, விலக்குவதே. பத்து நாளில் எட்டுத் தீவு என்று பட்டியலிடுபவர் காண்பவை எட்டுத் துறைமுகங்கள் மட்டுமே.

ஒடிசியசின் இத்தாக்கா மேற்கே அயோனியன் கடலில் உள்ளது. சாப்போவின் லெஸ்போஸ் கிழக்கே துருக்கிக் கரையை அடுத்துள்ளது. கவிதையில் அருகருகே நிற்பவை கடலில் அவ்வாறு நிற்பதில்லை. ஆதலின் ஒரு பயணத்துக்கு ஒரு தீவுக்கூட்டமே போதும். ஏதென்சின் துறைமுகமான பிரேயசிலிருந்து செல்வதற்கு எளியது சிக்ளடீஸ் கூட்டம்.

அடுத்துக் காற்றை எண்ணல் வேண்டும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி என்னும் காற்று சில நாள்களில் கப்பல்களையே நிறுத்திவிடும். மே மாதமும் செப்டம்பரும் காற்றும் கூட்டமும் தணிந்தவை. எனினும் விமானம் ஏறுவதற்கு முன்னைய இரண்டு இரவுகளை ஏதென்சுக்கு ஒதுக்குவதே அறிவுடைமை.

பத்து இரவுகள் உள்ளவர் மிக்கோனோசில் ஒன்று, பரோசில் நான்கு, சாந்தோரினியில் மூன்று, ஏதென்சில் இரண்டு எனப் பகுத்துக்கொள்ளலாம்.

மிக்கோனோசில் தங்குவது டெலோசுக்காக. அரைமணி நேரப் படகுப் பயணம். அப்போலோ பிறந்ததாகப் போற்றப்பட்ட அப்புனிதத் தீவில், கி.மு. 426இல் ஏதென்சு மக்கள் கல்லறைகளைத் தோண்டி அப்புறப்படுத்தினர். இனி அங்கே எவரும் பிறக்கவோ இறக்கவோ கூடாதென ஆணையிட்டனர். இன்றும் பயணிகள் அங்கே இரவு தங்க இயலாது. பரோஸ், வெண்பளிங்கின் நிலம், கி.மு. ஏழாம் நூற்றாண்டுக் கவிஞர் ஆர்க்கிலோக்கசின் ஊர். அங்கே அவசரம் கூடாது.

சாந்தோரினியில் பலரும் மாலைக் கதிரவனைக் காண விரைவர். காண வேண்டியது அக்ரோத்திரி. 3,500 ஆண்டுகளுக்கு முன்னரே எரிமலைச் சாம்பலில் புதைந்த நகரம் அது. அதன் மக்கள் முன்னரே வெளியேறியிருக்க வேண்டும் என ஆய்வாளர் கருதுவர். 2025 பிப்ரவரியில் தொடர் நிலநடுக்கங்களுக்கு அஞ்சி 10,000 பேருக்கு மேல் அதே தீவை விட்டு அகன்றனர். விடுதியின் வெண்சுவர்களுக்குப் பின்னே வாழ்வோரின் அச்சம் பழையது.

ஏதென்சில் எஞ்சும் ஒரு பகலில் லாவ்ரியோ கரைக்குச் செல்லுதல் தகும். எதிரே நீண்டு கிடக்கும் வறண்ட தீவு மக்ரோனிசோஸ். 1947 முதல் உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அங்கே அடைத்து வதைக்கப்பட்டனர். அவர்களுள் கவிஞர் யானிஸ் ரிட்சோசும் ஒருவர். எழுதிய கவிதைகளைப் புட்டிகளில் இட்டு மண்ணில் புதைத்துக் காத்தவர் அவர். சுற்றுலாப் பட்டியல்கள் இத்தீவைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

அதே கடல், அதே ஒளி. ஒரு கரையில் விடுதி, மறுகரையில் சிறை. நீலத்தை மட்டும் பாடித் திரும்புதல் எவர்க்கும் எளிது. அந்நீலத்தைப் பார்த்தவாறே தாகத்தால் வாடியவர் இருந்தனர் என்பதையும் அறிந்து பாடுதல் கவிஞர் கடன். பயணத் திட்டத்தில் அக்கடனுக்கு ஒரு பகலேனும் இடம் வேண்டும்.