'நானூற்று இருபது' யார்?

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



"சார், இவன் சரியான ஃபோர் ட்வென்டி சார்!" இந்தப் புகாரைக் கேட்காத ஆசிரியர் நம்மில் குறைவு. வாங்கிய பேனாவைத் திருப்பித் தராதவனுக்கும், எழுதாத நோட்டை வீட்டில் வைத்துவிட்டேன் என்பவனுக்கும் ஒரே பட்டம்தான். சொல்லும் பிள்ளைக்கு அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

1860இல் இயற்றப்பட்டு, 1862 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு, ஒருவரை ஏமாற்றி அவருடைய பொருளை ஒப்படைக்கச் செய்யும் குற்றத்தைப் பற்றியது. ஏழாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. நீதிமன்றத்திலிருந்து தெருவுக்கு வந்த எண், 1955இல் ராஜ் கபூரின் 'ஸ்ரீ 420' திரைப்படத்துக்குத் தலைப்பாகும் அளவுக்குப் பழகிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. மோசடிக் குற்றம் இப்போது அதன் 318ஆம் பிரிவு. ஆனால் யாரும் யாரையும் "முந்நூற்றுப் பதினெட்டு" என்று திட்டுவதாகக் காணோம். அரசிதழ் இன்னும் தெருவுக்குப் போய்ச் சேரவில்லை போலும்!

நம் மொழியில் 'முடிச்சவிழ்க்கி' என்றொரு சொல் உண்டு. வேட்டி முனையிலும் முந்தானையிலும் காசை முடிந்து வைத்த காலத்தில், அந்த முடிச்சை அவிழ்த்துத் திருடியவன். செயலைச் சொன்ன சொல், ஆளின் மேல் ஒட்டிக்கொண்டது. 420 என்பதும் சட்டத்தில் குற்றத்தின் எண். தெருவில் ஆளின் பெயர்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் இதை விவாதமாக நடத்தலாம். நாளை தருகிறேன் என்று பத்து ரூபாய் வாங்கிய மாணவன் தரவில்லை. அவன் 420தானா? பெரும்பாலும் வகுப்பு ஒரே குரலில் "ஆமாம்" என்னும். அப்போது நீதிமன்றம் கேட்கும் கேள்வியைக் கேளுங்கள்: வாங்கும்போதே தரக்கூடாது என்ற எண்ணம் அவனுக்கு இருந்ததா? தொடக்கத்திலேயே ஏமாற்றும் நோக்கம் இல்லாவிட்டால், வாக்குத் தவறியது மட்டுமே மோசடி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அவன் அப்பாவுக்கு அன்றைக்குக் கூலி கிடைக்காமல் போயிருக்கலாம் என்று ஒரு பிள்ளை சொல்லும். "அப்போ அதைச் சொல்லியிருக்கணும்ல?" என்று இன்னொரு பிள்ளை மடக்கும். விவாதம் அங்கேதான் சூடுபிடிக்கும். நாம் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. ஒன்று மட்டும் கவனம்: உங்கள் வகுப்பில் உண்மையாக நடந்த சம்பவத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி நம் பக்கம். வகுப்பில் பணம் காணாமல் போன நாளில் நம் வாயில் வரும் சொல் எது? 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தை தொடர்பான நடவடிக்கைகளில் குற்றஞ்சாட்டும் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்பதை 3ஆம் பிரிவில் ஒரு கோட்பாடாகவே வைத்திருக்கிறது. குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் சிறுவனையும் 'சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை' என்றே குறிக்கிறது. இளைஞர் நீதிக் குழுமமே தவிர்க்க வேண்டிய சொல்லை, ஐம்பது ரூபாய்க்காக நாற்பது பிள்ளைகள் முன்னால் நாம் சொல்லலாமா? பணம் மாலையில் பெஞ்சுக்கு அடியிலேயே கிடைத்துவிடலாம். 'திருடன்' என்ற பெயர் அந்தப் பிள்ளையோடு பத்தாம் வகுப்பு வரை வரும்.

அப்படிப்பட்ட நாளில் எல்லோர் முன்னிலையிலும் பையைக் கொட்டிச் சோதிக்காமல், தனியே அழைத்து, "என்ன நடந்தது, சொல்லுப்பா" என்று தொடங்கிப் பாருங்கள். பத்து ரூபாய் விவாதத்தை நடத்துபவர்கள், பிள்ளைகள் சொன்ன பதில்களை எழுதி அடுத்த குறுவளமையக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.