குரல் கம்மினால் அலட்சியம் வேண்டாம்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கை முறிந்தால் உடனே கட்டுப்போட ஓடுகிறோம். குரல் கம்மினாலோ, "தொண்டை கட்டிக்கொண்டது, தானே சரியாகிவிடும்" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது தானே சரியாகித்தான் விடுகிறது. சரியாகாத கம்மல் எது என்று அறிவதுதான் முக்கியம்.

கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்து 'ம்' என்று முனகிப் பாருங்கள். அதிர்கிறதல்லவா? அதுதான் குரல்வளை. அதனுள் இரண்டு சிறு மடிப்புகள் இருக்கின்றன. குரல் நாண்கள் என்று அவற்றுக்குப் பெயர். நுரையீரலிலிருந்து வரும் காற்றில் அவை ஒன்றோடொன்று மோதி அதிர்வதே குரல். பேசும்போது ஆணுக்கு வினாடிக்கு 100 தடவைக்கு மேலும், பெண்ணுக்குச் சுமார் 200 தடவையும் மோதுகின்றன. 1854-ல் மானுவல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர், தொண்டைக்குள் சிறு கண்ணாடியைப் பிடித்துச் சூரிய வெளிச்சத்தில் தம் குரல் நாண்களைத் தாமே பார்த்தார்.

இரைச்சலில் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான். லொம்பார்ட் என்ற பிரெஞ்சு டாக்டர் 1911-ல் இதை எழுதி வைத்தார். ஆகவே தறிக்கூடத்தில் நாம் கத்திப் பேசுவது கெட்ட பழக்கமல்ல. இயந்திரத்தின் இரைச்சல் நம்மைக் கத்தவைக்கிறது. இரைச்சலையும் பஞ்சுத் தூசியையும் குறைப்பது நிர்வாகத்தின் கடமை.

மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு விழுவதுபோல, ஓயாமல் கத்துகிறவரின் குரல் நாணிலும் காய்ப்பு விழுகிறது. பயப்பட வேண்டாம், ஓய்வும் முறையான குரல் பயிற்சியும் பெரும்பாலும் அதைக் குணப்படுத்திவிடும்.

மிளகும் பனங்கற்கண்டும் தொண்டைக்கு இதமளிக்கும். ஆனால் விழுங்குவது உணவுக் குழாயில் போகிறது. குரல் நாணைத் தொடுவதில்லை. தொட்டால் புரையேறும்! தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். இயந்திரத்தருகே கத்தாமல் பக்கத்தில் போய்ப் பேசுங்கள், கைச்சாடை காட்டுங்கள். வயலில் தூரத்து ஆளை அழைக்க விசில் போதும். சளி பிடித்துக் குரல் கம்மினால் இரண்டு மூன்று நாள் பேச்சைக் குறையுங்கள். குசுகுசுவென்று பேசுவதும் ஓய்வல்ல. ஓயாமல் தொண்டையைக் கனைப்பதும் கெடுதலே.

இப்போது பீடிக்கு வருவோம். பீடியும் சிகரெட்டும் குரல்வளைப் புற்றுநோயை உண்டாக்குகின்றன. சாராயமும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இந்த நோய் குரல் நாணில் தோன்றினால் முதல் அடையாளமே குரல் கம்மல்தான். வலி இராது. அதனால்தான் ஏமாந்து போகிறோம். ஆரம்பத்தில் கண்டால் கதிர்வீச்சாலோ சிறு அறுவையாலோ பெரும்பாலோர் குணமடைகிறார்கள், குரலும் மிஞ்சுகிறது. முற்றிவிட்டால் குரல்வளையையே எடுத்துவிட்டு, கழுத்தில் துளையிட்டு அதன் வழியே மூச்சுவிட வேண்டி வரலாம்.

ஆகவே ஒரு கணக்கை மனதில் வையுங்கள்: மூன்று வாரம். அதற்குமேல் கம்மல் நீடித்தால், பீடி குடிப்பவரானாலும் குடிக்காதவரானாலும், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறல், எச்சிலில் ரத்தம், விழுங்குவதில் வலி, கழுத்தில் கட்டி இருந்தால் மூன்று வாரம் காத்திராமல் அன்றே போங்கள். மில் தோழர்களுக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது; விவசாயத் தோழர்களுக்கு மாவட்டத் தலைமை அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. கண்ணாடியாலோ மெல்லிய குழாயாலோ பார்த்துச் சொல்லச் சில நிமிடங்களே ஆகும்.

ஒரு நாள் கூலி போகிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். கூலி கேட்கவும் குழந்தையைக் கூப்பிடவும் நமக்கிருப்பது இந்த ஒரே குரல். உங்கள் பக்கத்துத் தறிக்காரர், பக்கத்து வரப்புக்காரர் குரல் பல வாரமாகக் கம்மியிருந்தால், நாளைக்கே அவரைக் கையோடு அழைத்துப் போங்கள்!