பள்ளி வவுச்சர்: தேர்ந்தெடுப்பது யார்?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு தோழர் கேட்டார்: "அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு அரசாங்கம் செலவழிக்கிற பணத்தை ஒரு வவுச்சராக அம்மா அப்பா கையிலேயே கொடுத்துவிட்டால் என்ன? சேரிப் பிள்ளையும் பெரிய பள்ளிக்குப் போகுமே. அதை நாம் ஏன் எதிர்க்கணும்?" அன்றைக்குப் பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன். அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். இன்றைக்கு அந்தக் கேள்விக்காகத்தான் வந்திருக்கிறேன்.

இந்த யோசனையைத் தெளிவாக எழுதி வைத்தவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன். ஆண்டு 1955. கல்விக்கு அரசு பணம் தரலாம், ஆனால் பள்ளிக்கூடத்தை அரசே நடத்த வேண்டியதில்லை. பெற்றோர் வவுச்சரை எடுத்துக்கொண்டு பிடித்த பள்ளிக்குப் போகட்டும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1954 மே மாதம்தான், வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் தனித்தனிப் பள்ளியில் வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பைத் தட்டிக்கழிக்கத் தென்மாநிலங்கள் இதே வழியை யோசித்துக்கொண்டிருந்தன. ஃப்ரீட்மனுக்கும் அது தெரியவருகிறது. கட்டுரையின் அடிக்குறிப்பில் பதில் சொல்கிறார்: இனப்பாகுபாட்டைத் தான் வெறுப்பதாகவும், ஆனாலும் வெள்ளையர் பள்ளி, கறுப்பர் பள்ளி, கலப்புப் பள்ளி மூன்றும் இருக்கட்டும், பெற்றோர் தேர்ந்தெடுக்கட்டும் என்றும். அந்தத் 'தேர்வு' நடைமுறையில் எப்படி இருந்தது என்று பார்க்க ஓர் ஊருக்குப் போவோம்.

வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் என்று ஒரு கவுன்ட்டி. நம் ஊர் வட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்காகக் கட்டப்பட்டது. 1951-இல் அதில் படித்தவர்கள் 450-க்கும் மேல். இடம் போதாமல் தார்ப் பேப்பர் ஒட்டிய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண் பள்ளி மாணவர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தாள். பெரியவர்கள் யாரும் தூண்டிவிடவில்லை. உங்களை விடச் சின்னப் பெண், தோழர்களே. அந்தப் போராட்டம் வழக்காகி, பிரவுன் தீர்ப்பில் ஒன்றாக இணைக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் ஒன்றானது.

தீர்ப்பு வந்தது. ஊர் என்ன செய்தது தெரியுமா? சேர்ந்து படிக்க வைத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தபோது, 1959-இல் கவுன்ட்டி நிர்வாகம் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்க மறுத்தது. எல்லா அரசுப் பள்ளிகளையும் இழுத்துப் பூட்டியது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஐந்து ஆண்டுகள். வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு தனியார் பள்ளி உடனே தயாரானது. முதலாண்டு நன்கொடையில் ஓடியது. அடுத்த ஆண்டிலிருந்து மாநில அரசும் கவுன்ட்டியும் கொடுத்த கல்விக் கட்டண மானியம் கைகொடுத்தது. அந்த மானியம் வேறொன்றுமில்லை, இன்றைக்கு வவுச்சர் என்கிறோமே, அதுதான். மானிய விதியில் 'வெள்ளையருக்கு மட்டும்' என்று எழுத வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை. யாரைச் சேர்ப்பது என்று பள்ளி முடிவு செய்கிறதே, அதுபோதும்.

கறுப்பின மக்களுக்கும் ஒரு தனியார் பள்ளி தொடங்கித் தருகிறோம், நீங்களும் மானியம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று வெள்ளைத் தலைவர்கள் ஆசை காட்டினார்கள். அவர்கள் ஏற்கவில்லை. ஏற்றால் வழக்கின் அடிப்படையே போய்விடும். ஆனால் அந்த மறுப்புக்கு அவர்கள் கொடுத்த விலை சின்னதல்ல. சுமார் 1,700 கறுப்பினப் பிள்ளைகள் பள்ளியில்லாமல் நின்றார்கள். சிலரை வெளியூரில் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். பலர் தேவாலய அடித்தளங்களில் கூடி முடிந்ததைப் படித்தார்கள். பலர் வயலுக்குப் போனார்கள். கட்டணம் கட்ட முடியாத சில ஏழை வெள்ளைப் பிள்ளைகளும் படிப்பை இழந்தார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும். 1964-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே பள்ளிகள் திறந்தன. ஏழு வயதில் பள்ளி பூட்டப்பட்ட பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயது. முதல் வகுப்பில் உட்காருமா, ஆறாம் வகுப்பில் உட்காருமா?

சரி, அது பழைய கதை, இன்றைக்கு வவுச்சர் கேட்பவர்கள் எல்லாம் இனவெறியர்களா என்று கேட்பீர்கள். இல்லை. இந்த இடத்தில் நம் பக்கத்தில் பலர் அவசரப்பட்டு முத்திரை குத்திவிடுகிறோம்.

அமெரிக்காவின் முதல் நவீன வவுச்சர் திட்டம் 1990-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் வந்தது. அதற்காகப் போராடியவர் போலி வில்லியம்ஸ். கறுப்பினப் பெண், ஜனநாயகக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர். அவருடைய கோபம் நியாயமானது. இன ஒருங்கிணைப்பு என்ற பெயரில் கறுப்பினப் பிள்ளைகளைத்தான் பேருந்தில் ஏற்றி நகரின் மறுகோடிக்கு அனுப்பினார்கள். போன இடத்திலும் படிப்பு வரவில்லை. எங்கள் தெருவிலேயே எங்கள் ஆட்கள் நடத்துகிற நல்ல பள்ளி இருக்கிறது, அங்கே படிக்கக் காசு கொடு என்றார். குடியரசுக் கட்சி ஆளுநரோடு கைகோத்துச் சட்டத்தை நிறைவேற்றினார். ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் என்ற வருமான வரம்பு அதில் இருந்தது. அந்த வரம்பைத் தூக்கிவிட வேண்டும் என்று பழைய கூட்டாளிகள் கிளம்பியபோது வில்லியம்ஸ் எதிர்த்தார். கேட்க ஆளில்லை. ஏழையைக் காட்டி வாசலைத் திறந்தார்கள், திறந்த பிறகு அந்த அம்மாவை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

வாசல் எவ்வளவு அகலமானது என்பதற்கு அரிசோனா ஒன்று போதும். 2018-இல் எல்லோருக்கும் வவுச்சர் என்பதை மக்கள் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு பேர் நிராகரித்தார்கள். 2022-இல் சட்டமன்றம் அதையே நிறைவேற்றியது. தொடக்கத்தில் விண்ணப்பித்தவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேரின் பிள்ளைகள் அதற்கு முன் அரசுப் பள்ளியில் படித்தவர்களே அல்ல. ஏற்கெனவே தனியாரில் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் அரசுப் பணம் போனது. இதில் கட்சிக் கோடும் நேராக இல்லை. 2024-இல் டிரம்புக்கு வாக்களித்த கென்டக்கியும் நெப்ராஸ்காவும் அதே நாளில் வவுச்சரைத் தோற்கடித்தன. கிராமத்து வலதுசாரி வாக்காளருக்கு ஒரு விஷயம் தெரியும்: அவர் ஊரில் இருப்பது ஒரே பள்ளி, அது அரசுப் பள்ளி.

இதெல்லாம் அமெரிக்கா, நமக்கென்ன என்றால், 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க வந்தார். ஆதிக்கச் சாதிப் பெற்றோர் பள்ளிக்கூடத்தையே முற்றுகையிட்டார்கள். அந்த அம்மாவை இடமாற்றம் செய்தார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. 'எங்கள் பிள்ளையை இந்தப் பள்ளிக்கு அனுப்பமாட்டோம்' என்பது இந்த நாட்டில் சாதியின் பழைய ஆயுதம். இன்றைக்கு அந்த ஆயுதத்தைத் தூக்குகிறவர் தன் காசைச் செலவழிக்க வேண்டும். வவுச்சர் வந்தால் உங்கள் வரிப்பணத்தில் தூக்குவார். அதைப் பெற்றோரின் உரிமை என்றும் சொல்லிக்கொள்வார்.

இப்போது நான் நழுவிய காரணத்துக்கு வருகிறேன்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் 12(1)(c) என்று ஒரு பிரிவு. தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடத்தை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். கட்டணத்தை அரசு திருப்பித் தரும். வவுச்சரின் ஒன்றுவிட்ட தம்பி. ஒரு நல்ல வேறுபாடு உண்டு: விண்ணப்பம் கூடினால் குலுக்கல்தான், பள்ளி ஆள் பார்த்துப் பொறுக்க முடியாது. அந்தக் குலுக்கலில் 2016-இல் என் அக்கா மகளுக்கு இடம் கிடைத்தது. அக்கா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. விண்ணப்பத்தை நிரப்பியவன் நான்தான். மேடையில் அரசுப் பள்ளியைக் காப்போம் என்று பேசிவிட்டு, இரவு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து அதை நிரப்பினேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை. 'உன் பிள்ளையை வைத்துக் கொள்கையைக் காப்பாற்று' என்று அக்காவிடம் சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

ஆனால் கட்டணமில்லை என்ற பள்ளியில் வேன், நோட்டு, சீருடை, ஆண்டு விழா என்று அக்கா கட்டியது கொஞ்சமல்ல. "ஆர்.டி.இ. பிள்ளைங்க எழுந்திரிங்க" என்று வகுப்பில் சொன்ன நாளில் அவள் சாப்பிடாமல் டப்பாவை அப்படியே கொண்டுவந்தாள். 2025-இல் பி.எம். ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று ஒன்றிய அரசு கல்வி நிதியை நிறுத்தி வைத்திருந்தபோது, அந்த ஆண்டின் 25 விழுக்காட்டுச் சேர்க்கையே பல மாதம் தொடங்கவில்லை. நமக்கான இடம் எந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று அப்போது தெரிந்தது. ஐந்து பேருக்கு வாசல் திறக்கிறது, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஐம்பது பேர் படிக்கிற பள்ளியின் பணத்தை உருவி அந்த வாசலைத் திறக்காதே என்றுதான் சொல்கிறேன்.

அன்றைக்குக் கேட்ட தோழர் இங்கேதான் இருக்கிறார். அவருக்கு இன்னொன்றும் சொல்கிறேன். அந்தச் சட்டத்தின் சலுகை எட்டாம் வகுப்போடு முடிகிறது. அக்கா மகளுக்கு இது எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்புக்கு முழுக் கட்டணம் கட்ட அக்காவால் முடியாது. எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியலுக்கு ஆசிரியர் இல்லையாம்; பெற்றோர் ஆசிரியர் கழகம் ஆள் வைத்து ஓட்டுகிறதாம். திங்கட்கிழமை அக்காவுக்கு லீவு. தலைமையாசிரியரைப் பார்க்க நாங்கள் போகிறோம். அந்தத் தெருவிலிருந்து இன்னும் நான்கு அம்மாக்கள் வருகிறார்கள். உங்களில் யாருக்காவது அன்று வகுப்பு இல்லையென்றால், காலை ஒன்பது மணிக்குப் பள்ளி வாசலுக்கு வாருங்கள்.