இரண்டு அறைகளும் ஒரு நடைவழியும்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அம்பேத்கர் வீடுன்னு சொன்னா தாதரில் அவர் கட்டிய ராஜகிருகம் நினைவுக்கு வரும். அல்லது 1921-22ல் லண்டனில் தங்கிப் படித்த வீடு. அதை மகாராட்டிர அரசு 2015ல் விலைக்கு வாங்கி நினைவகமாக்கியது. நான் பேச வந்தது இன்னொரு வீட்டைப் பற்றி. பம்பாய் பரேலில் பி.ஐ.டி. சால், முதல் எண் கட்டடம். இரண்டாம் மாடியில் 50, 51 என்று இரண்டு அறைகள். 1912லிருந்து 1934வரை பாபாசாகேப் குடும்பம் வாழ்ந்தது அங்கேதான்.

சால் என்றால் என்ன? நீண்ட நடைவழி, வரிசையாக ஒத்தை அறைகள், எல்லாருக்கும் பொதுக் கக்கூஸ். 1896ல் பம்பாயில் பிளேக் பரவியது. நோய் கோட்டைக்குள்ளும் நுழையும் என்ற பயம் வந்த பிறகுதான் ஏழையின் வீடு அரசாங்கத்தின் கண்ணில் பட்டது. 1898ல் மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்தார்கள். அது கட்டிய சால்களில் தொழிலாளிகள் குடியேறினார்கள்.

1927ல் மகாத் குளத்தில் தண்ணீர் அள்ளியபோதும் அம்பேத்கரின் வீடு இதுதான். ஆனால் அந்த அறைகள் ரமாபாயுடையவையும்கூட. அவர் பெற்ற பிள்ளைகளில் நான்கு பேர் சிறுவயதிலேயே இறந்தார்கள். கடைசி மகன் ராஜரத்னா போனது 1926ல். சிலைகள் இதைச் சொல்லாது. அந்தச் சுவர்கள் சொல்லும்.

அப்படியானால் எந்தச் சாலையும் இடிக்கக் கூடாதுன்னு கத்தலாமா? பக்கத்தில் வொர்லியைப் பாருங்க. 1974 ஜனவரியில் தலித் பேந்தர் இளைஞர்கள் அடிபட்ட பி.டி.டி. சால்கள் அங்கே இருக்கு. 160 சதுர அடி அறையில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்கு 500 சதுர அடி வீடு தருவதாகச் சொல்லி அவற்றை இடிச்சுக் கட்டுறாங்க. அந்த வீடு அவர்கள் உரிமை. நம்ம வறுமை யாருக்கும் காட்சிப் பொருள் இல்லை.

ஆனால் ஒரு கட்டடமாவது நிற்கணும். நியூயார்க்கில் 1863ல் கட்டிய ஒரு வாடகைக் குடியிருப்பை, ஏழைக் குடியேறிகள் வாழ்ந்த இடத்தை, அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அங்கே வீடுவீடாகக் குடும்பங்களின் கதையைச் சொல்கிறார்கள். நாமும் மாலை போட்ட படத்தோடு நிறுத்தக் கூடாது. அடுப்பங்கரையும் கக்கூஸ் வரிசையும் நடைவழியும் அப்படியே இருக்கணும். கதையை அங்கே வாழ்ந்தவர்களே சொல்லணும்.

அரண்மனையைக் காக்க அரசுக்கு ஒரு துறை இருக்கு. சேரியைக் காக்க யார் இருக்கா? உங்க ஊரில் சங்கம் முதலில் கூடிய குடிசை எது? பெரியவங்க உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்க. இன்னைக்கே ஆரம்பிங்க.