கோஃப் குகையில் கிடைத்த கிண்ணங்கள்

மனிதன் மனிதனைத் தின்றான் என்று சொல்லிவிடுவது எளிது. அதை எலும்பிலிருந்து மெய்ப்பிப்பதோ மிகக் கடினம். குகைக்குள் கிடந்த ஓர் எலும்பைக் கழுதைப்புலி கடித்திருக்கலாம், மேலிருந்து விழுந்த பாறை நொறுக்கியிருக்கலாம், வெள்ளம் மணலோடு உருட்டிக் கீறியிருக்கலாம். இறந்தவரின் சதையை நீக்கிவிட்டு எலும்பை மட்டும் புதைக்கும் வழக்கமும் உலகில் சில மக்களிடம் இருந்திருக்கிறது. குரோவேசியாவில் உள்ள கிராபினா என்னும் இடத்தில் 1899 முதல் அகழ்ந்தெடுக்கப்பட்ட நியாண்டர்தால் மனிதரின் எலும்புகளைக் கொண்டு, அவர்கள் தம் இனத்தாரையே உண்டனர் என்று ஆய்வாளர் கோர்ஜனோவிச் கிராம்பர்கர் கூறிய முடிவு நூறாண்டுக்குப் பின்னும் விவாதத்துக்கு உள்ளாகிவருவது இக்காரணங்களாலேயே.

ஆகவே ஆய்வாளர்கள் மனித எலும்பைத் தனியாகப் பார்ப்பதில்லை. அதே இடத்தில், அதே மண்ணடுக்கில் கிடக்கும் விலங்கெலும்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். மானை அறுத்த அதே கற்சில்லு, அதாவது கல்லிலிருந்து உடைத்தெடுத்த கூரிய சில்லு, மனிதனின் மூட்டையும் அதே இடத்தில் அறுத்திருக்கிறதா, உள்ளிருக்கும் கொழுத்த மஜ்ஜைக்காக இரண்டின் எலும்பும் ஒரே விதமாக உடைக்கப்பட்டிருக்கிறதா, இரண்டும் ஒரே குப்பையில் எறியப்பட்டிருக்கின்றனவா என்பவையே அவர்கள் கேட்கும் கேள்விகள். பிரான்சின் மூலா-கெர்சி குகையில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன் இறந்த ஆறு நியாண்டர்தால் மனிதரின் எலும்புகள் இக்கேள்விகள் அனைத்துக்கும் ஆம் என்றே விடையளித்தன என்பது 1999-இல் வெளியிடப்பட்டது.

இருப்பினும் இத்துறையில் கிடைத்துள்ள சான்றுகளிலேயே நெஞ்சை அதிகம் தொடுபவை இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், செடார் என்னும் சுண்ணாம்புப் பாறைப் பள்ளத்தாக்கில் உள்ள கோஃப் குகையிலிருந்து வந்தவை. அங்கே ஏறத்தாழ 14,700 ஆண்டுகளுக்கு முன், கடும்பனி சற்றே விலகிய காலத்தில், காட்டுக் குதிரையையும் செம்மானையும் வேட்டையாடிய மக்கள் தங்கினர். இவர்கள் நம்மைப் போன்ற முழு மனிதரே; ஸ்பெயினின் அல்தாமிராக் குகையில் காட்டெருமைகளைத் தீட்டியதாகக் கருதப்படும் மக்டலீனியப் பண்பாட்டைச் சேர்ந்தவர்கள்.

அக்குகையில் கிடைத்த மண்டையோடுகளை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சில்வியா பெல்லோவும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவு, அவற்றுள் மூன்று கிண்ணங்களாக ஆக்கப்பட்டவை என்பது. தலைத்தோல், காது, கண், கன்னம் ஆகியவை கற்சில்லால் பொறுமையாக அறுத்து நீக்கப்பட்டுள்ளன. பின்னர் முகத்து எலும்புகளும் மண்டையின் அடிப்பகுதியும் தட்டி எடுக்கப்பட்டு, எஞ்சிய மேலோட்டின் விளிம்பு சிறுசிறு தட்டல்களால் ஒழுங்காக்கப்பட்டுள்ளது. மூளையை எடுப்பது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் ஓங்கி அடித்த ஓர் அடி போதும். விளிம்பைச் சீர்செய்ய வேண்டிய தேவை இல்லை. மூன்றில் ஒன்று ஏறக்குறைய மூன்று வயதுக் குழந்தையினுடையது.

உடலின் மற்ற எலும்புகளோ வேறொரு செய்தியைச் சொல்கின்றன. பத்தில் நான்குக்கு மேற்பட்டவற்றில் மனிதப் பல்தடங்கள் இருப்பதாக 2015-இல் கண்டறியப்பட்டது. விலாவின் நுனிகளும் கால்விரல் எலும்புகளும் சவைக்கப்பட்டு நசுங்கியுள்ளன. உண்டார்கள் என்பதில் ஐயமில்லை. 2017-இல் விவரிக்கப்பட்ட முன்கை எலும்பு ஒன்று உண்டதையும் பொறுமையான கைவேலையையும் ஒருசேரக் காட்டுகிறது: முதலில் சதை நீக்கப்பட்டிருக்கிறது, அடுத்து வளைந்து வளைந்து செல்லும் கோடுகள் கவனமாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன, அதன்பிறகே மஜ்ஜைக்காக எலும்பு உடைக்கப்பட்டிருக்கிறது. பசியால் மட்டும் உந்தப்பட்ட கை இடையில் நின்று கோலம் வரைந்துகொண்டிருக்காது.

பசி ஒன்றே காரணம் என்னும் கருத்தைக் கணக்கும் தளர்த்துகிறது. பிரிட்டனின் ஆய்வாளர் ஜேம்ஸ் கோல் 2017-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வளர்ந்த ஓர் ஆணின் தசையிலிருந்து கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 32,000 கலோரி. ஒரு குதிரையின் தசையிலிருந்து கிடைப்பதோ 2,00,000. குதிரைகள் மேய்ந்த பள்ளத்தாக்கில், தன்னைப் போலவே சிந்தித்து, தன்னைப் போலவே ஈட்டி எறியக்கூடிய ஒருவனை உணவுக்காகத் துரத்துவது ஆதாயமற்ற வேலை. மேலும், இவர்கள் கொல்லப்பட்டதைக் காட்டும் காயமும் இவ்வெலும்புகளில் அடையாளம் காணப்படவில்லை. இயல்பாக இறந்த உறவினரை உடனிருந்தவர்கள் உண்டிருக்கலாம், அதுவே அவர்களுடைய ஈமச்சடங்காக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவது இவற்றைக் கொண்டுதான்.

இவ்விளக்கம் வெறும் கற்பனையன்று. பப்புவா நியூகினியின் ஃபோரே மக்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இறந்த சுற்றத்தாரை உண்டு இழவு காத்தனர். அதன் வழியே மூளையைச் சிதைக்கும் குரு என்னும் நோய் பெண்களிடமும் குழந்தைகளிடமும் மிகுதியாகப் பரவியது, வழக்கம் கைவிடப்பட்டபின் படிப்படியாக மறைந்தது. அவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதியவர்கள், அச்செயலுக்குப் பின்னிருந்த துயரத்தைக் காணத் தவறினர் என்றே சொல்ல வேண்டும். ஆயினும் ஃபோரே மக்களின் மனத்தை அப்படியே எடுத்துக் கோஃப் குகையில் பொருத்துவதும் பிழை; எலும்பு செயலைத்தான் காட்டும், சொல்லைக் காட்டாது.

வேல்சின் வடகரையில் உள்ள கெண்ட்ரிக் குகையில் ஏறத்தாழ 13,500 ஆண்டுகளுக்கு முன் வேறு மக்கள் தம் இறந்தோரை வைத்தனர். இரு குகைகளிலும் ஒவ்வொருவரிடமிருந்து பெற்ற மரபணுவை ஒப்பிட்ட 2022-ஆம் ஆண்டு ஆய்வு, இருவரும் வெவ்வேறு மூதாதையர் வழியினர் என்று காட்டியது; கோஃப் குகையினர் நிலத்து விலங்குகளை உண்டனர், கெண்ட்ரிக் குகையினர் கடலையும் ஆற்றையும் நம்பி வாழ்ந்தனர். கெண்ட்ரிக் குகையின் மனித எலும்புகளில் உண்டதற்கான தடயம் இல்லை. அங்கும் வளைந்து செல்லும் கோடுகள் பொறித்த எலும்பு ஒன்று கிடைத்திருக்கிறது. அது ஒரு குதிரையின் தாடை.